தராசில் ஏறும் நார்

மதுரைத் தெருக்களில் மூன்று சக்கர வண்டியோடு வரும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்ட எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் ஒரு முறையாவது வந்திருக்கும். நாளிதழ்க் கட்டுக்கு ஒரு விலை சொல்கிறார். பிள்ளைகளின் பழைய நோட்டுக்கு இன்னொரு விலை. வழவழப்பான வார இதழ்களைத் தனியே ஒதுக்குகிறார். அட்டைப்பெட்டியைக் காலால் மிதித்து மடித்து வேறு பக்கம் சொருகுகிறார். விசேஷ வீட்டில் சேர்ந்த காகிதக் கப்புகளை நீட்டினால், "இது ஓடாதுக்கா" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். "எல்லாம் பேப்பர்தானே அண்ணே?" என்று கேட்டால் உட்கார்ந்து விளக்க அவருக்கு நேரம் இருப்பதில்லை.

அந்த விளக்கத்தைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. கழிவுத்தாள் என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை அவர் பேப்பர், நோட்டு, புக்கு, அட்டை, கட்டிங் என்று பல பெயர்களில் பிரிக்கிறார். ஒவ்வொரு குவியலிலும் இருக்கும் நார் வேறு, அந்த நாரோடு கலந்திருக்கும் பொருள் வேறு. தாளின் அடுத்த பயணம் எங்கே என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

கிழித்துப் பாருங்கள்

நாளிதழின் ஒரு தாளை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழியுங்கள். ஏறக்குறைய நேர்கோடாகக் கிழியும். அதையே இடமிருந்து வலமாகக் கிழித்தால் கோடு கோணிக்கொண்டு போகும். கிழிந்த ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அவைதான் நார்கள்.

நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் படிந்து காய்ந்த படலமே தாள். ஆலையில் நீர்த்த கூழ், வேகமாக ஓடும் வலையின் மேல் பாய்கிறது. அப்போது நார்களில் பெரும்பகுதி வலை ஓடும் திசையிலேயே படுத்துவிடுகிறது. நாளிதழில் அந்தத் திசை பக்கத்தின் மேலிருந்து கீழாக அமைகிறது. நார்களின் ஓட்டத்தோடு கிழித்தால் நேராகவும் குறுக்கே கிழித்தால் கோணலாகவும் போவது இதனால்தான்.

எல்லா நாரும் ஒரே நீளம் கிடையாது. பைன் போன்ற ஊசியிலை மரத்தின் நார் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். நம் பக்கத்துத் தைலமரத்தின் நார் 1 மில்லிமீட்டர் அளவுதான். கரும்புச் சக்கையின் நார் அதைவிடச் சற்று நீளம். நீண்ட நார் தாளுக்கு வலிமை தரும். குட்டை நார் அச்சுக்கேற்ற சீரான பரப்பைத் தரும்.

நீளம் எதுவானாலும் நாரின் அடிப்படைப் பொருள் ஒன்றே: செல்லுலோஸ். குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி அது. மரம், பருத்தி, வைக்கோல், கரும்புச் சக்கை எல்லாவற்றிலும் அது உண்டு. சீனாவில் கி.பி. 105-இல் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி தாள் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார் என்று வரலாறு சொல்கிறது. அவர் கூழாக்கியவற்றில் மரப்பட்டையோடு கந்தல் துணியும் பழைய மீன்வலையும் இருந்தன. பிறர் கழித்துப்போட்ட நாரிலிருந்துதான் தாளே பிறந்திருக்கிறது.

நார்களைப் பிடித்துவைப்பது எது?

இத்தனை நார்களும் உதிர்ந்துவிடாமல் ஒரே தாளாக நிற்பது எப்படி? செல்லுலோஸ் சங்கிலியின் நெடுகிலும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிறு முனைகள் இருக்கின்றன. ஒரு நாரின் ஹைட்ரஜன், பக்கத்து நாரின் ஆக்சிஜனை மெல்ல ஈர்க்கிறது. இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். ஒரு பிணைப்பைத் தனியாகப் பார்த்தால் வலு குறைவு. கோடிக்கணக்கில் சேரும்போது, கையால் இழுத்தாலும் பிரியாத தாள் கிடைக்கிறது.

கஞ்சி போட்ட சுங்குடிச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்ததும் விறைத்து நிற்கும். தண்ணீரில் நனைத்தால் தொய்ந்துவிடும். கஞ்சியின் மாவுச்சத்தும் சேலையின் பருத்தியும் குளுக்கோஸ் சங்கிலிகள்தான். காயும்போது அவற்றுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகிறது. நனையும்போது நீர் மூலக்கூறுகள் இடையில் நுழைந்து அந்தப் பிணைப்பைத் தாங்கள் பற்றிக்கொள்கின்றன.

தாளிலும் நடப்பது இதேதான். ஊறவைத்தால் நார்கள் ஒன்றையொன்று விட்டுவிடும். நீரை வடித்துக் காயவைத்தால் மறுபடி பற்றிக்கொள்ளும். தாளைப் பிரிக்கவும் மீண்டும் சேர்க்கவும் அடிப்படையில் தண்ணீரே போதும். பழைய தாள் புதுத் தாளாவதற்கு இயற்கை வைத்திருக்கும் வழி இது.

மஞ்சளாகும் தாளும் வெள்ளைத் தாளும்

மரத்தில் செல்லுலோஸ் மட்டும் இருப்பதில்லை. நார்களை இறுக்கிப் பிடித்து மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளும் இருக்கிறது. இதை மரப்பசை என்று அழைப்போம்.

மரத்திலிருந்து கூழ் எடுக்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. முதல் வழி, மரத்தை அப்படியே அரைப்பது. 1840-களில் ஜெர்மனியில் ஃபிரீட்ரிச் கெல்லர் இதற்கு வழி கண்டார். மரத்தின் எடையில் பெரும்பகுதி கூழாகிவிடுவதால் செலவு குறைவு. நாளிதழ் மலிவானதில் இந்த முறைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் மரப்பசை கூழிலேயே தங்கிவிடுகிறது. வெயிலும் காற்றும் பட்டால் அது மஞ்சளாக மாறும்.

இரண்டாவது வழி, மரச்சில்லுகளை வேதிப்பொருள்களோடு 170 டிகிரி செல்சியஸ் அளவுக்கு அழுத்தத்தில் வேகவைப்பது. மரப்பசையில் பெரும்பகுதி கரைந்து வெளியேறுகிறது. மிச்சத்தையும் வெளுத்து நீக்கினால் நார் வெள்ளையாக, உறுதியாகக் கிடைக்கிறது. ஆனால் 2 கிலோ உலர்ந்த மரத்துக்கு 1 கிலோ கூழ்தான் மிஞ்சும்.

இதை நீங்களே சோதிக்கலாம். நாளிதழ்த் துண்டு ஒன்றையும் நோட்டுத் தாள் ஒன்றையும் பாதி மறைத்து மொட்டை மாடியில் வையுங்கள். மதுரைச் சித்திரை வெயில் சில நாள்களில் வேறுபாட்டைக் காட்டிவிடும். நாளிதழின் திறந்த பாதி பழுப்பேறியிருக்கும். நோட்டுத் தாளில் மாற்றம் குறைவாகவே இருக்கும்.

தமிழ்நாட்டில் மரத்திலிருந்து வராத ஒரு நாருக்கும் பெரிய இடம் உண்டு. கரூர் மாவட்டம் புகளூர் அருகே காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-இல் தொடங்கப்பட்டு 1984-இல் உற்பத்திக்கு வந்தது. அதன் முதன்மை மூலப்பொருள்களில் ஒன்று கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்துவந்தன. அவற்றுக்கு மாற்று எரிபொருளோ நீராவியோ தந்து சக்கையைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை இந்த நிறுவனம் செய்தது. சக்கையில் பஞ்சுபோல இருக்கும் சோற்றுப் பகுதியை நீக்கிவிட்டு நாரை மட்டும் கூழாக்குகிறார்கள்.

வண்டியில் இருக்கும் குவியல்கள்

இப்போது பேப்பர்காரரின் வண்டிக்கு வருவோம்.

முதலில் கட்டிங். இது வீட்டிலிருந்து வருவதில்லை. மதுரைக்குத் தெற்கே இருக்கும் சிவகாசியில் காலண்டர், டைரி, நோட்டு ஆகியவற்றின் ஓரங்களை வெட்டும்போது விழும் கீற்றுகள் இவை. மை படாதவை, ஒரே வகை நார் கொண்டவை. ஆலைகள் விரும்பி வாங்கும் சரக்கு இது.

அடுத்தது நோட்டு. மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில், தேர்வு முடிந்ததும் குவியும். மரப்பசை நீக்கிய வெள்ளை நார், பேனா மை மட்டும். ஆலைக்கு வேலை குறைவு. அட்டையும் ஊக்கும் கழற்றப்பட்டிருந்தால் மதிப்புக் கூடும்.

நாளிதழுக்கு இரண்டு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஆலைக்காரர். இன்னொருவர் பொட்டலம் கட்டவும் பை ஒட்டவும் முழுத் தாளாக வாங்குபவர். கசங்காத நாளிதழுக்குச் சில நேரம் நோட்டைவிட நல்ல விலை கிடைப்பது இந்த இரண்டாவது வாடிக்கையாளரால்தான். ஆனால் வடையையும் பஜ்ஜியையும் அச்சிட்ட தாளில் சுற்றுவது தவறு. மையிலுள்ள எண்ணெய்களும் நிறமிகளும் சூடான எண்ணெய்ப் பண்டத்தில் ஏறும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் இதை எச்சரித்தது. 2018-ஆம் ஆண்டு விதிகள் இதைத் தடை செய்தன. எண்ணெய் ஊறிய தாள் ஆலைக்கும் உதவாது. எண்ணெய்ப் படலம் நார்மேல் படிந்தால் நார்கள் ஒன்றையொன்று பற்ற முடியாது.

வழவழப்பான வார இதழ் கையில் கனக்கும். ஆனால் அந்தக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ வெண்களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும்தான். ஆலை எடைக்குக் காசு கொடுத்து வாங்கியபின் இந்தத் தூளில் பெரும்பகுதி கழிவாகப் போய்விடும். அதனால்தான் விலை குறைவு.

அட்டைப்பெட்டியின் பழுப்பு நிறம் மரப்பசையின் மிச்சம். நிறம் எப்படியிருந்தாலும் அதில் நீண்ட, வலுவான நார் கலந்திருக்கிறது. மறுபடி பெட்டி செய்ய அந்த நிறம் தடையில்லை. மை நீக்கவோ வெளுக்கவோ தேவையில்லாததால் பெட்டி பெட்டியாகவே திரும்பி வருகிறது.

கடைசியாக, ஓடாதவை. காகிதக் கப்பின் உட்புறத்தில் பாலித்தீன் படலம் ஒட்டியிருக்கிறது. அது நீரில் கரையாது, நாரை விடவும் விடாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அடக்கம். கடை பில்லாக வரும் வெப்பத்தாளில் சூடு பட்டால் கறுக்கும் வேதிப்பூச்சு இருக்கிறது. அது கூழில் கலந்தால் மற்ற தாளுக்கும் பரவும். கை துடைத்த டிஷ்யூவில் பெரும்பாலும் குட்டை நார்தான் இருக்கும். அழுக்கும் சேர்ந்ததால் அதை எந்த ஆலையும் வாங்காது.

ஒரு வாளியில் ஆலை

பழைய நாளிதழ்த் தாள் ஒன்றைச் சிறு துண்டுகளாக்கி இரவு முழுவதும் வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். காலையில் மத்தால் நன்றாகக் கடையுங்கள். சாம்பல் நிறக் கூழ் கிடைக்கும். இதில் சிறிது சோப்புத்தூளைப் போட்டு மேலும் கடைந்தால் நுரை பொங்கும். அந்த நுரை வெள்ளையாக இருக்காது, கருமை ஏறியிருக்கும். நுரையை வழித்து எடுத்துவிட்டுக் கூழைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பரப்பி, அழுத்திக் காயவையுங்கள். மாலைக்குள் முரட்டுத் தாள் ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

நுரை ஏன் கறுத்தது? நாளிதழ் மை என்பது எண்ணெயில் குழைத்த கரித்தூள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், மறு முனை எண்ணெயை நாடும். அந்த எண்ணெய் முனை மைத்துகளைப் பிடித்து நாரிலிருந்து விடுவிக்கிறது. காற்றுக்குமிழி அதைச் சுமந்து மேலே கொண்டுவருகிறது.

ஆலையில் நடப்பதும் இதே வரிசைதான். பெரிய கடைகலனில் கூழாக்கம். சல்லடையில் ஊக்கு, பிளாஸ்டிக் நீக்கம். சுழற்சியில் மணல் நீக்கம். பிறகு சோப்பும் காற்றும் செலுத்தி மை நீக்கம். ஜெர்மனியின் கோட்டிங்கனில் யுஸ்டுஸ் கிளாப்ரோத் என்ற சட்டப் பேராசிரியர் 1774-லேயே அச்சிட்ட தாளிலிருந்து மை நீக்கிப் புதுத்தாள் செய்யும் முறையை வெளியிட்டார். காகிதபுரம் ஆலையில் 2013-இல் நாளொன்றுக்கு 300 டன் அளவிலான மை நீக்கப் பிரிவு அமைந்தது. மரத்தை வேகவைக்கும் கடும் சூடு இங்கே தேவைப்படாது. வெதுவெதுப்பான நீர் போதும். மீட்டெடுத்த நாரால் எரிசக்தி மிச்சமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

100 கிலோ நார் எவ்வளவு உழைக்கும்?

ஒவ்வொரு சுற்றிலும் நார் கொஞ்சம் உடைகிறது. காய்ந்து நனைந்து காயும்போது அதன் உள்துளைகள் மூடிக்கொண்டு விறைப்பாகிவிடுகின்றன. இதை இறுகல் என்று சொல்லலாம். இறுகிய நார் நீரை உறிஞ்சி ஊதுவதில்லை. அதனால் பக்கத்து நாரை முன்போலப் பற்றாது. ஒரு நார் ஐந்து முதல் ஏழு சுற்று வரை தாங்கும் என்பது பொதுவான கணிப்பு. குட்டையாகிப்போன நாரும் மைத்துகளும் களிமண்ணும் கழிந்துபோவதால், அச்சிட்ட தாளிலிருந்து மை நீக்கிக் கூழ் எடுக்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடை குறையும்.

இந்த ஐந்தில் ஒரு பங்கை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். புதிய நாரால் செய்த 100 கிலோ தாளை எடுத்துக்கொள்வோம். ஆறு முறை அது ஆலைக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு தாள்கூட வீணாகாமல் எல்லாம் திரும்பினால், முதல் சுற்றில் 80 கிலோ தாள் கிடைக்கும். பிறகு 64, 51, 41, 33, 26 கிலோ. முதலில் இருந்த 100 கிலோவையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 395 கிலோ தாள். ஒரு முறை வெட்டிய மரம் நான்கு மடங்கு உழைத்திருக்கிறது.

இப்போது பாதித் தாள் குப்பைத்தொட்டிக்கும் ஈரத்துக்கும் போய்விடுவதாகக் கொள்வோம். 100-இல் 50 கிலோதான் ஆலைக்குத் திரும்பும். அதிலிருந்து 40 கிலோ தாள். அதில் பாதி திரும்பினால் 16 கிலோ. அடுத்து 6, பிறகு 3-க்கும் குறைவு. ஆறாம் சுற்றில் அரைக் கிலோகூட மிஞ்சாது. மொத்தம் 166 கிலோ மட்டுமே.

நான்கில் மூன்று பங்கு திரும்பினால்? வரிசை 60, 36, 22, 13, 8, 5 என்று போகும். மொத்தம் 243 கிலோ. அதாவது சேகரிப்பைப் பாதியிலிருந்து முக்காலாக உயர்த்தினாலே கூடுதலாக 77 கிலோ தாள் கிடைக்கிறது. அதே அளவைப் புதிதாக வேகவைத்து எடுக்க ஏறக்குறைய 150 கிலோ உலர்ந்த மரம் வேண்டும்.

நாரின் ஆயுளை நீட்டிக்க ஆலைப் பொறியாளர்கள் எவ்வளவோ உழைக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவருவது வீட்டிலிருந்து தாள் திரும்பும் அளவுதான். இந்திய ஆலைகள் போதுமான பழைய தாள் கிடைக்காமல் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வாங்குகின்றன. தூத்துக்குடித் துறைமுகத்திலும் அது வந்து இறங்குகிறது. அதே நேரத்தில் நம் வீட்டுத் தாளின் ஒரு பகுதி சோற்றோடும் சாம்பாரோடும் கலந்து, மதுரை மாநகராட்சியின் வெள்ளக்கல் கிடங்குக்குப் போகிறது. காற்றுப் புகாத குப்பைமேட்டின் அடியில் மட்கும் தாள் மீத்தேனை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அதன் வெப்பமேற்றும் ஆற்றல் கரியமில வாயுவைப்போல 25 மடங்குக்கும் மேல்.

எடைக்குப் போடக் கூடாத தாள்

எல்லாப் பழைய தாளையும் தராசில் ஏற்றிவிடவும் கூடாது. காரைக்குடி அருகே கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, பழைய நூல்கள், இதழ்கள், அழைப்பிதழ்கள், நாடக நோட்டீஸ்கள் என ஏறக்குறைய ஒரு லட்சம் அச்சுப்பொருள்களைச் சேர்த்துவைத்தார். அவர் 1992-இல் மறைந்தார். அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்தது. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதிலிருந்து உருவானது. பலர் வீட்டில் எடைக்குப் போயிருக்கும் தாள்களைக் கொண்டு இன்று தமிழகத்தின் சமூக வரலாறு எழுதப்படுகிறது.

பழைய நூலின் தாள் தொட்டால் நொறுங்குவதற்கும் வேதியியல் காரணம் உண்டு. மை பரவாமலிருக்கத் தாளில் படிகாரமும் ரோசின் என்னும் பிசினும் சேர்க்கும் முறையை ஜெர்மானியர் மோரிட்ஸ் இல்லிக் 1807-இல் வெளியிட்டார். படிகாரம் ஈரக்காற்றில் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் செல்லுலோஸ் சங்கிலியை வெட்டிக்கொண்டே இருக்கும். நூறாண்டு கடந்த தாளில் நார் வலிமை இழந்துவிடுகிறது. ஆலைக்கு அதனால் பெரிய பயன் கிடையாது. அதில் அச்சான எழுத்துக்கோ ஈடு கிடையாது. ஆகவே தாத்தா காலத்து நூல், கையெழுத்துப் பிரதி, கணக்கேடு, நோட்டீஸ் எது கண்ணில் பட்டாலும் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நூலகத்தில் காட்டுங்கள்.

நம் வீட்டில்

குப்பையை உருவாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. தாளைப் பொறுத்தவரை அதற்குச் செய்ய வேண்டியவை நான்குதான். தாளைக் குப்பைத்தொட்டி அருகே வைக்காமல், மழைச்சாரல் படாத உலர்ந்த மூலையில் வையுங்கள். நாளிதழ், நோட்டு, அட்டை மூன்றையும் தனித்தனியாகக் கட்டுங்கள். எண்ணெய் பட்ட தாள், பில், காகிதக் கப் மூன்றையும் அதில் சேர்க்காதீர்கள். தேவையின்றித் தாளைத் தூளாகக் கிழிக்காதீர்கள். கிழிக்கும்போது நாரும் அறுபடும்.

பேப்பர்காரர் கையால் தடவியே தாளின் வகை சொல்லும் தொழிலறிவு கொண்டவர். அவருக்கு வண்டி நிறுத்த இடமும் குவித்துப் பிரிக்க ஒரு கூரையும் கிடைக்க நகராட்சிகள் வழிசெய்ய வேண்டும். அடுத்த முறை அவர் வரும்போது கட்டுகளை உலர்வாகவும் பிரித்தும் கொடுங்கள். ஆலையில் ஒரு நார் இன்னும் எத்தனை சுற்று உழைக்கும் என்பது பாதிக்கு மேல் உங்கள் வீட்டு மூலையிலேயே முடிவாகிவிடுகிறது.